சப்பாணி வந்த ரயில்

'16 வயதினிலே' படத்தின் முடிவில் ரயில் வந்து நிற்கும், சப்பாணி இறங்குவான், மயிலு ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொள்வாள் என்றுதான் பன்னிரண்டு வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். அத்தை அப்படித்தான் சொல்லியிருந்தாள். ஒரு தடவையா, இரண்டு தடவையா? சப்பாணியின் கையில் தகரப் பெட்டி இருக்கும். தலையைப் படிய வாரியிருப்பான். ஜெயில் களி தின்று உடம்பு கொஞ்சம் தேறியிருக்கும். வீட்டில் மூன்று வேளையும் களி தின்றவர்கள் நாங்கள். ஜெயில் களி என்று சொல்லி மற்றவர்கள் எதற்குப் பயமுறுத்துகிறார்கள் என்பது எங்களுக்குப் புரிந்ததே இல்லை.

தர்மபுரியிலிருந்து பென்னாகரம் போகும் சாலையில் இருக்கிறது இண்டூர். ஒகேனக்கல்லுக்குப் போகிறவர்கள் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு மறந்துபோகிற ஊர். படப்பிடிப்புக் கோஷ்டிகளின் வேன்களும் அந்தச் சாலையில்தான் போகும். நின்று டீ குடித்தால் உண்டு. மாசி, பங்குனி வந்தால் வீட்டுக்கு வீடு புளி. மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். ஓடு உடைத்து, நார் உரித்து, கல்லின்மேல் வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டிக் கொட்டை எடுப்பார்கள் பெண்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. பொழுது சாய்வதற்குள் விரல் நுனியெல்லாம் புளிப்பேறி வெந்துபோயிருக்கும். அந்த வேலைக்குக் கதை இல்லாமல் முடியாது. அத்தை சொல்வாள். சோகமான இடத்தில் சுத்தியல் மெதுவாக விழும். சண்டை வந்தால் கொட்டை தெறித்து எதிரே உட்கார்ந்திருப்பவர் மூஞ்சியில் அடிக்கும்.

அத்தை அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. கேட்டிருக்கிறாள்.

எங்கள் மாவட்டத்தில் கொட்டாய் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். கொல்லையில் கிணற்றுப் பக்கமாகக் கட்டிக்கொண்ட வீடும் கொட்டாய்தான். எத்தனையோ பேருடைய முகவரி ஏதாவது ஒரு கொட்டாயில்தான் முடியும். படம் காட்டுகிற டூரிங் டாக்கீஸும் கொட்டாய்தான். அத்தை வாழ்க்கைப்பட்ட கொட்டாய்க்கும், அறுவடை முடிந்த கொல்லையில் போட்டிருந்த சினிமாக் கொட்டாய்க்கும் நடுவே நாலு கொல்லை தூரம். முதல் ஆட்டத்துக்கு முன்னால் குழாய் ஸ்பீக்கரில் சீர்காழி கோவிந்தராஜன் பக்திப் பாட்டுப் பாடுவார். அது நின்றால் படம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஒரே ஒரு ப்ரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்றுவதற்கென்று இரண்டு மூன்று இடைவேளை. சுற்றிலும் கீற்றுத் தடுப்பு. படம்தான் அதற்குள் அடங்கும், சத்தம் அடங்காது. காற்று வாகாக அடித்தால் வசனம் ஒவ்வொன்றும் அத்தை வீட்டு வாசல்வரை வரும்.

கொட்டாய்க்குப் பெண்கள் வராமல் இல்லை. தரை டிக்கெட்டில் நடுவே தட்டி வைத்துப் பெண்கள் பக்கம் என்று பிரித்தே விட்டிருந்தார்கள். ஆனால் அத்தைக்கு மாமியார் இருந்தாள், இரண்டு எருமைகள் இருந்தன, இடுப்பில் குழந்தை இருந்தது. எல்லாரையும் படுக்க வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்து படம் கேட்பாள். யார் யார் நடிக்கிறார்கள் என்பது பஸ் நிற்கும் இடத்துப் போஸ்டரில் தெரியும். குரலுக்கு முகத்தை ஒட்டவைத்து மிச்சத்தை அவளே எடுத்துக்கொண்டாள். '16 வயதினிலே' ரயில்வே ஸ்டேஷனில் முடிகிற படம். அத்தைக்கு ரயில் சத்தம் கேட்டது. ரயில் வந்தால் ஆள் இறங்கத்தானே வேண்டும்?

மாமாவுக்குப் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ரேடியோ ரிப்பேர் கடை. பள்ளிக்கூடம் விட்டால் எனக்குப் போக்கிடம் அதுதான். பற்று வைக்கும்போது எழும் பிசின் புகை வாசனை இப்போது எங்கே வந்தாலும் எனக்குப் பசிக்கும்; கடையில் நாலு மணிக்குப் பொட்டுக்கடலை வாங்கிக் கொடுப்பார். புதுச் சாமான் எது கடைக்கு வந்தாலும் மாமா அதன் முகத்தைப் பார்க்க மாட்டார். கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத் திருகுகளை எண்ணுவார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல. நாலு திருகு என்றால் மரியாதை. திருகே கண்ணில் படாவிட்டால், "இவன் நம்மள நம்பலடா" என்று தள்ளி வைத்துவிடுவார்.

1987 வாக்கில் அவர் ஒரு பழைய டெக்கும் கலர் டிவியும் வாங்கினார். டெக் என்றால் வி.சி.ஆர். அப்படிச் சொன்னால்தான் இப்போது புரிகிறது. திருவிழா, காதுகுத்து, கருமாதி என்று ராத்திரி முழுக்க விழித்திருக்க வேண்டிய எல்லாவற்றுக்கும் வாடகைக்குப் போகும். ஒரு ராத்திரிக்கு மூன்று படம், சில இடங்களில் நாலு. நாலாவது படம் ஓடும்போது மாமாவும் கதாநாயகனும்தான் விழித்திருப்பார்கள்.

கேசட் தேய்ந்து போனால் ஹெட்டில் அழுக்கு ஏறும். திரையில் மழை பெய்யும். மாமா மூடியைக் கழற்றி, வெள்ளைத் தாளைச் சின்னதாகக் கிழித்து ஸ்பிரிட்டில் நனைத்து, அந்தப் பளபளப்பான உருளையின்மேல் ஒட்டினாற்போல வைத்துக்கொள்வார். தாளை அசைக்கக் கூடாது. இன்னொரு கை விரலால் உருளையைத்தான் மெதுவாகச் சுற்ற வேண்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் மயிரிழை மாதிரி இருக்கும் ஹெட் உடைந்துபோகும். அதற்குப் பிறகு டெக் வெறும் பெட்டி. இதைச் செய்யும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். கூட்டம் கத்திக்கொண்டிருக்கும். தாளை எடுத்து விளக்கில் காட்டுவார், கரும்பழுப்பாக ஒரு கோடு இருக்கும். "ஸ்ரீதேவி மேல இருந்த அழுக்கு" என்பார்.

அப்படி ஒரு கருமாதி ராத்திரியில் இரண்டாவது படமாக '16 வயதினிலே' போட்டார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து, கதை தெரிந்தவன் என்ற கர்வத்தோடு பக்கத்துப் பையன்களுக்கு முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தேன். படம் முடிந்தது. மயிலு காத்துக்கொண்டே இருந்தாள். கேசட்டில் கோடுகள் ஓடின. மிச்சப் படத்தை மாமா ஓட்டிவிட்டார் என்று நினைத்து அவரோடு சண்டை போட்டேன். பையன்கள் சிரித்தார்கள். மறுநாள் அத்தையிடம் போய் ஏன் பொய் சொன்னாய் என்று அழுதேன்.

"அவன் எடுத்தது அவ்வளவுதான் கண்ணு. ரயிலு வராமயா போயிரும்?" என்று சொல்லிவிட்டு எருமைக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.

சலூனில் கிடந்த பழைய ஆனந்த விகடன்களில் எனக்கு சுஜாதா கிடைத்தது இதற்குக் கொஞ்சம் பின்னால். இண்டூரிலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் வருகிறவர்களைத்தான் தெரியும். அதே பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸில் உட்கார்ந்துகொண்டு ஒரு மனிதர் இயந்திர நாயைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ பேசும், படிக்கும், வாதாடும். கடையில் உட்கார்ந்து மாமாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "நாய்க்கு பேட்டரி எத்தினி நாள் நிக்கும்னு எழுதலியா?" என்றார்.

சுஜாதாவைப் பற்றிப் பிறர் எழுதியதையெல்லாம் படித்திருக்கிறேன். அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் எதுவும் நிற்காது. என்றாலும் அவரிடம் நான் கற்றுக்கொண்டது பெரிது. 'கற்றதும் பெற்றதும்' பகுதியில் சில்லுத் தொழில்நுட்பத்தையும், பார்த்த படத்தையும், படித்த கவிதையையும் ஒரே வாரத்தில் ஒரே குரலில் பேசுவார். அறிவியல் என்றால் குரலை உயர்த்தவோ, சினிமா என்றால் தாழ்த்தவோ மாட்டார். வாக்குப்பதிவு இயந்திரம் செய்ததில் பங்கு உண்டு. 'இந்தியன்', 'முதல்வன்', 'சிவாஜி' படங்களில் எழுத்து உண்டு. 2008 பிப்ரவரி 27 அன்று அவர் இறந்தபோது எனக்கு ஒருவித வேலைநீக்கம் போலத்தான் இருந்தது. அப்போது ஒரு பத்திரிகையில் செல்போன்களைப் பற்றியும் அவ்வப்போது சினிமாவைப் பற்றியும் குறிப்புகள் எழுதிக்கொண்டிருந்தேன். நடை முழுக்க அவரிடம் வாங்கின கடன்.

அந்த வேலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு போனை ஒரு வாரத்துக்குக் கொடுப்பார்கள். எழுதிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கல்யாணமான ஏழாம் நாள் மாப்பிள்ளையின் குணத்தைப் பற்றிப் பெண்ணிடம் கேட்பதற்குச் சமம் அது. கேமராவைப் பற்றி எழுதுவேன், திரையைப் பற்றி எழுதுவேன். ஊருக்கு வரும்போது மாமா அதைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கொடுத்துவிடுவார். அவர் மனதார மெச்சிய போன் ஒன்றே ஒன்றுதான். 2003இல் வந்த நோக்கியா 1100. தலையில் டார்ச் இருந்ததே, அதற்காக. மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் பாதி ராத்திரியில் வரும் காலம். ஒரு கையில் தடியும் இன்னொரு கையில் டார்ச்சும் போக, பேசுவதற்குக் கை இருக்காது. டார்ச்சே பேசினால்?

அப்புறம் செல்போன் ஸ்டார்ட்டர் வந்தது. மோட்டார் பெட்டிக்குள் ஒரு சிம். வீட்டிலிருந்து அந்த எண்ணுக்கு அழைத்தால் மோட்டார் ஓடும். பாம்புக்கும் பன்றிக்கும் நடுவே ராத்திரி நடக்க வேண்டாம். நம் கிராமங்களில் ஒரு செல்போன் செய்த உருப்படியான காரியங்களின் பட்டியல் போட்டால் முதல் மூன்றுக்குள் அதை வைப்பேன். அதைப் பற்றி நான் ஒரு வரி எழுதவில்லை. யாரும் ஒரு வாரத்துக்குக் கொடுத்து அனுப்பவில்லை.

2006 தேர்தலில் தி.மு.க. சொன்ன இலவசக் கலர் டிவி, அந்த ஆண்டு அண்ணா பிறந்தநாளில் கொடுக்கத் தொடங்கி, ஊர் ஊராக வந்து, எங்கள் பக்கமும் சேர்ந்தது. டிவி ரிப்பேர்காரர் வீட்டுக்கும் ஒன்று. மாமா அதை ஓசி டிவி என்றார். ஊருக்குள் இத்தனை பெட்டிகள் வந்த பிறகு வேலைக்குக் குறைவில்லை. இடி மழைக்கு மறுநாள் கடை வாசலில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஓசி டிவி என்று அப்புறம் அவர் சொல்லவில்லை. அத்தைக்கு அதுதான் முதல் திரை. அதாவது, எருமை கத்தினால் எழுந்து போய்விட்டு வந்து பார்க்கலாம் என்கிற திரை. பாரதிராஜா, பாக்யராஜ், பாண்டியராஜன் என்று முப்பது வருடக் கடனை இரண்டு வருடத்தில் அடைத்தாள். தான் கேட்டிருந்த படங்களைத் தேடித் தேடிப் பார்த்தாள். "நான் நெனச்சிருந்த மூஞ்சி நல்லாருந்துச்சு" என்று பல படங்களுக்குச் சொல்லியிருக்கிறாள்.

2013 ஜனவரியில் கமல்ஹாசன் 'விஸ்வரூபம்' படத்தைத் தியேட்டருக்கு முதல் நாளே டி.டி.எச்.சில் காட்டுகிறேன் என்றார். தியேட்டர்காரர்கள் கொதித்தார்கள். படத்துக்கு வேறு காரணங்களால் தடை வந்து, பிப்ரவரி 7 அன்று தமிழ்நாட்டில் வெளியாகும்போது டி.டி.எச். பேச்சு அமுங்கிவிட்டது. நான் அப்போது கமலைத் திட்டி எழுதினேன். இருட்டு, கூட்டம், கைதட்டல், விசில் என்று ஒரு பத்தி. தியேட்டர் அனுபவம் என்ற சொல்லை நாலு இடத்தில் போட்டிருந்தேன். பத்திரிகையை ஊருக்கு எடுத்துப் போய் வழக்கம்போலச் சத்தமாகப் படித்தேன். மாமா தலையாட்டினார். அத்தை கேட்டாள், "டிவில போட்டிருந்தா நாங்களும் அன்னிக்கே பாத்திருப்போம். அதுல உனக்கு இன்னா நஷ்டம்?"

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அத்தை அதுவரை தியேட்டருக்குப் போனது ஆறு தடவை. அதில் இரண்டு தடவை குழந்தை அழுததால் பாதியில் எழுந்து வந்தது. நான் நாலு இடத்தில் போட்ட அந்தச் சொல்லுக்குள் அவள் இல்லை. டூரிங் கொட்டாயைப் பற்றி ஏங்கி ஏங்கி எழுதப்பட்ட கட்டுரைகள் தமிழில் ஏராளம். மணல் குவித்து உட்கார்ந்தது, முறுக்கு விற்றது, இரண்டாம் ஆட்டம் விட்டு நிலா வெளிச்சத்தில் நடந்து வந்தது. எழுதியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். இரண்டாம் ஆட்டம் விட்டு வரும்போது கதவைத் திறந்துவிட்டவர் யார் என்று அந்தக் கட்டுரைகளில் இருக்காது. 2020 மே மாதம் 'பொன்மகள் வந்தாள்' நேராக அமேசான் பிரைமில் வந்தபோது அதே சண்டை மறுபடியும் நடந்தது. இந்த முறை நான் எழுதவில்லை.

2018 நவம்பர் இறுதியில் '2.0' வந்தது. மாமாவையும் அத்தையையும் சேலத்துக்குக் கூட்டிப் போனேன். மூக்குக் கண்ணாடிக்கு மேலே 3டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அத்தை கைப்பிடியை விடாமல் உட்கார்ந்திருந்தாள். ஊரில் உள்ள செல்போன்கள் எல்லாம் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு வானத்தில் பறக்கின்றன. கோடிக்கணக்கான போன்கள் சேர்ந்து ஒரு பெரிய பறவையாகி ஆட்களைக் கொல்கின்றன. செல்போன் கோபுரக் கதிர்வீச்சால் பறவைகள் செத்தன என்பது வில்லன் பட்சிராஜனின் வழக்கு. படம் வருவதற்கு முன்பே, இது அறிவியலுக்கு விரோதம் என்று செல்போன் நிறுவனங்களின் சங்கம் தணிக்கை வாரியத்துக்குப் புகார் கொடுத்திருந்தது. பேய்ப் படங்களுக்கு எதிராகப் பேய்கள் யாரும் இதுவரை புகார் கொடுத்ததில்லை.

வெளியே வந்ததும் மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "எத்தினி டிஸ்ப்ளே. எல்லாம் நொறுங்கிப் போச்சே" என்றார். அப்போது கடையில் போன் ரிப்பேரும் பார்த்துக்கொண்டிருந்தார். டச் போனால் மொத்தக் காம்போவையும் மாற்ற வேண்டும், விலை சொன்னால் வந்தவர் முகம் விழுந்துவிடும் என்று புலம்புவார். அத்தையின் விமர்சனம் வேறு. "ஓட்டு வூட்டுல குருவி இருந்துச்சு. மெத்த வூடு கட்டினோம், எறவாரம் போச்சு, குருவியும் போச்சு. எங்களத் தூக்கிட்டுப் போயிருக்கணும் அந்தப் பறவ." பறவை ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்களில் கூடு கட்ட இடமில்லாமல் போனதும் ஒன்று. முன்னூறு பக்க அறிக்கை எதையும் படிக்காமல் அவள் சொன்னாள்.

தமிழ் சினிமாவில் செல்போனுக்கு நல்ல பெயரே கிடையாது என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். அதே வருடம் வந்த 'இரும்புத்திரை'யில் போன் வழியாகத்தான் திருடன் வீட்டுக்குள் வருகிறான். 2022இல் வந்த 'லவ் டுடே'யில் பெண்ணின் அப்பா காதலர்கள் இருவரையும் ஒரு நாள் போனை மாற்றிக்கொள்ளச் சொல்கிறார். அவ்வளவுதான், குடி முழுகிவிடுகிறது. படம் எனக்குப் பிடித்தது, சிரித்துச் சிரித்துப் பார்த்தேன். இருந்தாலும் போன் என்றால் ரகசியம், ஆபாசம், திருட்டு. பெண் கையில் போன் என்றால் பின்னணி இசையே மாறிவிடுகிறது. ஓசூர் பக்கத்தில் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோனின் உறையைச் செய்கிறார்கள். அங்கே வேலை செய்கிறவர்களில் எத்தனையோ பேர் இருபது வயதைச் சுற்றியிருக்கும் பெண்கள். அந்தப் பக்கத்து ஆலைகளுக்குப் போகும் எங்கள் பெண்கள் விடியற்காலையில் பஸ் ஏறும்போது பார்த்திருக்கிறேன். ஈரத் தலை, கழுத்தில் அடையாள அட்டை, காதில் இயர்போன். மாதச் சம்பளம் அவர்கள் பெயரில் வருகிறது. போன் பறவையாகிப் பறப்பதை ஐந்நூறு கோடிக்கு மேல் செலவழித்து எடுத்தார்கள். இதை யாரும் எடுக்கவில்லை.

மாமா 2019இல் போய்ச் சேர்ந்தார். கடை இப்போது வேறொருவர் கையில். டெம்பர் கிளாஸும் பேக் கேஸும் தொங்குகின்றன. பற்று வைக்கும் புகை இல்லை.

அத்தைக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். மூன்றாம் வகுப்போடு சரி. மகன் கழித்துப் போட்ட போன் ஒன்றை 2017இல் அவளிடம் கொடுத்தான். ஜியோ வந்து நெட் மலிந்திருந்த நேரம். எழுதத் தெரியாதவளுக்கு மைக் படம் போட்ட பொத்தான் ஒன்றைக் காட்டிக் கொடுத்தது பேத்தி. முதலில் அது அத்தையின் பேச்சைப் புரிந்துகொள்ளவில்லை. "வூடு" என்றால் வேறு என்னவோ வந்து நின்றது. "கல்லக்கா" என்று நிலக்கடலையைச் சொன்னதற்கு ஏதோ ஒரு அக்காவின் பாட்டைப் போட்டது. சிறிது நாளில் அத்தை ஒரு வழி கண்டுபிடித்தாள். போனிடம் பேசும்போது மட்டும் முதுகை நிமிர்த்தி, தொண்டையைச் செருமி, செய்தி வாசிக்கிறவர்கள் மாதிரிப் பேசுவாள். "பருத்தி வீரன், திரைப்படம், வேண்டும்." திரைப்படம் என்ற சொல்லை அவள் வாயில் வேறு எப்போதும் நான் கேட்டதில்லை.

2024இல், செத்தவர்களின் குரல்கள் வரத் தொடங்கின. 'லால் சலாம்' படத்தில் பம்பா பாக்யாவின் குரலும் சாகுல் ஹமீதின் குரலும் செயற்கை நுண்ணறிவில் திரும்ப வந்தன. குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்ததாக ஏ.ஆர்.ரஹ்மான் சொன்னார். 'கோட்' படத்தில் பவதாரிணி பாடினார், விஜயகாந்த் வந்து நின்றார். எனக்கு அதில் மனசு ஒட்டவில்லை. ஒட்டாததற்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. பழைய டேப்பில் மாமா ஹலோ ஹலோ என்று மைக் சோதிக்கும் குரல் பதினைந்து விநாடி இருக்கிறது. அதை வைத்து அவரை முழு வாக்கியம் பேச வைக்கலாம் என்று மகன் சொன்னபோது, அத்தை வேண்டாம் என்றாள். பேசாத மனுஷன், அவர் பேசினால் அது அவரில்லை என்றாள்.

2025 ஆகஸ்ட் 1 அன்று 'அம்பிகாபதி' மறுபடியும் வந்தது. 2013இல் இந்தியில் 'ராஞ்சனா' என்று வந்த படத்தின் தமிழ் வடிவம். தனுஷ் கடைசியில் செத்துப்போவார். உரிமை வைத்திருக்கும் ஈராஸ் நிறுவனம், செயற்கை நுண்ணறிவைக் கொண்டு முடிவை மாற்றி, அவர் கண் விழித்துப் பிழைத்துக்கொள்வதாக வெளியிட்டது. இயக்குநர் ஆனந்த் எல். ராய் கடுமையாக எதிர்த்தார். படத்தின் உயிரையே எடுத்துவிட்டார்கள் என்று தனுஷும் வருத்தப்பட்டு அறிக்கை விட்டார். அந்தச் செய்தியைத் தர்மபுரியிலிருந்து இண்டூர் வரும் டவுன் பஸ்ஸில் போனில் படித்தேன். உடம்பு பதறியது. ஒருவன் வருடக்கணக்கில் யோசித்து எடுத்த படம். சாக வேண்டியவன் சாகத்தான் வேண்டும். நாளைக்கு எவனோ ஒருவன் கணக்குப் பார்த்து 'அன்பே சிவம்' முடிவை மாற்றினால்? பஸ்ஸைவிட்டு இறங்கும்போது மனதுக்குள் கட்டுரை முக்கால்வாசி எழுதியாகிவிட்டது.

அத்தை வாசலில் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் செங்கல்லில் சாய்த்து வைத்த போனில் படம் ஓடிக்கொண்டிருந்தது. திரையின் மூலையில் சிலந்தி வலை மாதிரி ஒரு விரிசல். கார்த்தி முகம் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் இரண்டாகும். 'பருத்திவீரன்'. அவள் எத்தனையாவது தடவையாகப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

நான் பஸ்ஸில் எழுதிய கட்டுரையை வாய்மொழியாகச் சொல்லத் தொடங்கினேன். அவள் உம் கொட்டிக்கொண்டே புடைத்தாள். படத்தில் முத்தழகு வீட்டைவிட்டு வந்து வீரனோடு சேருகிற இடம் வந்தது. அத்தை முறத்தைக் கீழே வைத்து, கையைச் சேலையில் துடைத்து, கட்டை விரலால் திரையைத் தொட்டாள். படம் நின்றது. விரலை வலதுபுறமாக ஒரு தள்ளு. படம் போய்விட்டது.

"இன்னும் இருக்குதே அத்தை."

"தெரியும். ஒருக்கா பாத்துட்டு ரெண்டு நாள் சோறு எறங்கல."

அந்தப் படத்தின் கடைசி இருபது நிமிடத்தில் முத்தழகுக்கு நடப்பதை நினைத்தாலே எனக்கும் வயிற்றைப் பிசையும். டிவியில் போட்டால் அந்த இடத்தில் எழுந்து வெளியே போய்விடுவாளாம். கொல்லை வரைக்கும் நடந்தாலும் சத்தம் கேட்டுக்கொண்டே வருமாம். காதால் படம் பார்த்துப் பழகினவளுக்கு அது பார்ப்பதைவிட மோசம். இப்போது விரலால் நிறுத்திவிடுகிறாள். அவளுடைய 'பருத்திவீர'னில் இரண்டு பேரும் சேர்ந்து எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறார்கள்.

நான் விடவில்லை. எடுத்தவனுக்கு ஒரு மரியாதை வேண்டாமா, அமீர் அந்த முடிவுக்காகத்தானே மொத்தப் படத்தையும் எடுத்தார், ப்ரியாமணிக்குத் தேசிய விருது கிடைத்த படம் இது என்றெல்லாம் சொன்னேன்.

"அவரு படத்த நான் மாத்தலியே. அது அப்படியே தான இருக்குது உள்ள" என்றாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. ஈராஸ்காரர்கள் செய்ததும் இவள் செய்ததும் ஒன்றில்லை என்பது தெரிந்தது. எங்கே வேறு என்று வாய்க்குள் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

கேழ்வரகில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள், "செத்தவன எழுப்பிவுட்ற அந்த மிசினு, பழைய படத்தயும் மாத்துமா?"

"மாத்தும்."

"எதுவா இருந்தாலும்?"

"எதா இருந்தாலும். '16 வயதினிலே'ல கூட ரயில்ல சப்பாணிய எறக்கிவிட்டுடலாம்."

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பன்னிரண்டு வயதில் அழுதுகொண்டு வந்து நின்ற பையனைப் பார்த்த அதே பார்வை.

"அத எதுக்குடா மாத்தணும்? அவன்தான் வந்துட்டானே" என்றாள்.

போனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் சார்ஜில் போட்டாள். பின் தேய்ந்துபோயிருந்தது, ஒயரை ஒரு பக்கமாக வளைத்துப் பிடித்தால்தான் ஏறும். தீப்பெட்டி ஒன்றை அடியில் அண்டக் கொடுத்து, பச்சை விளக்கு எரிகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு, களி கிண்டத் தண்ணீர் வைத்தாள்.